கெல்டிக் வசந்த விழாக்களைக் காணச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, பிரிட்டனி ஆகிய ஆறு நிலப்பகுதிகளும் கெல்டிக் மொழிகளின் தாயகங்கள். இவற்றுள் வசந்த விழாவை இன்றும் ஒரு வெளியூர்க்காரர் நேரில் சென்று காணக்கூடிய சில ஊர்களைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே உள்ளன. ஆறு நிலங்களையும் சமமாகப் பேசும் எண்ணம் இல்லை. அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கார்ன்வாலுக்குமே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

கெல்டிக் வழக்கில் வசந்தம் எப்போது தொடங்குகிறது?

பழைய ஐரிஷ் நாட்காட்டி ஆண்டை நான்காகப் பகுக்கிறது. பிப்ரவரி 1 இம்பொல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா, நவம்பர் 1 சாவன். ஆகவே அயர்லாந்தில் வசந்தத்தின் முதல் நாள் பிப்ரவரி 1. அன்று காலை 8 மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். மாலை 5 மணிக்கெல்லாம் விழுந்துவிடும். வயல்களில் உறைபனி கிடக்கும். இதையா வசந்தம் என்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நாள் குறிப்பது பூவை அல்ல, செம்மறியாடுகளின் மடியில் பால் ஊறத் தொடங்கும் காலத்தை. மே 1 அதன் மறுமுனை: குளிர்காலம் முழுதும் தொழுவத்தில் இருந்த மாடுகளைக் கோடைக்கால மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் நாள். ஐரிஷ் மொழியில் இன்றும் மே மாதத்தின் பெயரே பெல்டேன்தான்; ஐரிஷ்காரர்கள் அதை ஏறக்குறைய 'ப்யால்தினெ' என்று ஒலிக்கிறார்கள்.

பயணத் திட்டத்திற்கு முக்கியமான ஒரு செய்தி உண்டு. இவ்வழக்கில் நாள் என்பது முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடும். ஜனவரி 31 மாலையையும் ஏப்ரல் 30 இரவையும் விட்டுவிட்டு மறுநாள் காலை போய் இறங்குபவர் பாதி விழாவைத் தவறவிடுவார்.

இவை ஈராயிரம் ஆண்டுகளாக இடையறாமல் நடந்துவரும் விழாக்களா?

விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. மே 1 அன்று தீ மூட்டியதற்கு எழுத்துச் சான்று உண்மையிலேயே பழையது. ஏறத்தாழ கி.பி. 900இல் தொகுக்கப்பட்டதும், காஷெல் நகரின் மன்னரும் ஆயருமான கார்மக்கின் பெயரால் வழங்குவதுமான ஐரிஷ் சொல்விளக்க ஏடு, பழங்கால கெல்டிக் குருமாரான துருயிதர்கள் இரண்டு தீக்களை மூட்டி, நோய் அண்டாதிருக்க மாடுகளை அவற்றினிடையே ஓட்டிச் சென்றதாகக் கூறுகிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் 1769இல் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட், இடையர்கள் மே முதல் நாளில் தீ மூட்டி, ஒன்பது முகடுகள் கொண்ட ஓட்ஸ் அடையைச் சுட்டு, ஒவ்வொரு முகடாகப் பிட்டுத் தோளுக்குப் பின்னே எறிந்து, "இது உனக்கு, என் ஆடுகளைக் காப்பாற்று" என்ற பொருளில் காவல் தெய்வங்களிடமும், பிறகு நரி, கழுகு போன்ற எதிரிகளிடமும் வேண்டிக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். இந்த வழக்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் மறைந்துபோயின.

இன்று நாம் காண்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கார்ன்வாலின் பேட்ஸ்டோ, ஹெல்ஸ்டன் போன்றவை ஓர் ஊர் தனக்காகவே நடத்திவரும் விழாக்கள். பேட்ஸ்டோ விழா பற்றிய முதல் எழுத்துப் பதிவு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் அது எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று இல்லை என்பதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் போன்றோர் தெளிவாக்கியுள்ளனர். இரண்டாவது வகை, கிறித்தவத் துறவியான புனித பிரிஜிட்டின் நாளாக அயர்லாந்தில் பிப்ரவரி 1 அன்று கொண்டாடப்படும் வழக்கங்கள்; இவை வீடும் கோயிலும் சார்ந்த பக்தி. மூன்றாவது வகை, எடின்பரோ தீ விழா போல நம் காலத்தில் கலைஞர்கள் புதிதாக உருவாக்கியவை. முதல் வகையில் நீங்கள் அழைப்பின்றி வந்த விருந்தாளி; இரண்டாவதில் வழிபடுவோருக்கு நடுவே நிற்பவர்; மூன்றாவதில் நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர். எந்த இடத்தில் எவ்வாறு நிற்பது என்ற குழப்பங்கள் பெரும்பாலும் இதை அறிந்துகொண்டாலே தீர்ந்துவிடும்.

சம இரவு நாட்களையும் சூரியன் திசை திரும்பும் நாட்களையும் சேர்த்து எட்டு விழாக்கள் கொண்ட 'ஆண்டுச் சக்கரம்' என்று பல கடைகளில் விற்கப்படுவது 20ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. அதில் மார்ச் மாதத்துக்கு வைத்திருக்கும் ஓஸ்டாரா என்ற பெயர் கெல்டிக் பெயரே அன்று. ஜெர்மானிய மொழிகளின் வழி வந்தது.

பிரிஜிட் நாளுக்குக் கில்டேர் செல்வதென்றால் எதைக் காணலாம்?

டப்ளினின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ள சிறு நகரம் கில்டேர். அதன் பெயருக்கு 'ஓக் மரக் கோயில்' என்று பொருள். பிரிஜிட் இங்கே மடம் நிறுவியதாக மரபு. தம் போர்வை எவ்வளவு நிலத்தை மூடுமோ அவ்வளவு நிலம் தரும்படி லென்ஸ்டர் மன்னனிடம் அவர் கேட்க, போர்வை விரிந்து விரிந்து கர்ரக் சமவெளி முழுவதையும் மூடிவிட்டது என்ற கதையை அங்கே சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். பிரிஜிட் என்ற பெயரில் ஒரு பழைய ஐரிஷ் பெண் தெய்வமும் உண்டு. தெய்வம் எங்கே முடிந்து துறவி எங்கே தொடங்குகிறார் என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ்காரரான ஜெரால்டு, கில்டேரில் அணையாத தீ ஒன்று இருந்ததாக எழுதியிருக்கிறார். 19 கன்னியர் முறைவைத்து ஒவ்வோர் இரவும் அதைக் காத்தனர். 20ஆம் இரவு பிரிஜிட்டே காத்துக்கொள்வார் என்று விறகை அடுக்கிவிட்டுப் போய்விடுவர். தீயைச் சுற்றியிருந்த வேலியை எந்த ஆணும் தாண்டலாகாது. அந்தத் தீக்கூடத்தின் அடித்தளம் என்று பெருங்கோயில் வளாகத்தில் ஒரு கல்மேடையைக் காட்டுகிறார்கள். அணைந்துபோன அத்தீயை 1993இல் பிரிஜிட் பெயரால் அமைந்த சபையின் கன்னியர் மீண்டும் ஏற்றினர். இப்போது அதை அவர்களது சோலஸ் ப்ரீட் இல்லத்தில் காணலாம்.

ஊருக்கு வெளியே டல்லி என்னுமிடத்தில் பிரிஜிட்டின் சுனை உள்ளது. சிறிய புல்வெளி, ஓடும் நீர், வெண்கலச் சிலை, வழிபாட்டுக்காக வரிசையாக நட்ட கற்கள், துணி கட்டிய மரம்: அவ்வளவுதான். பெரிய காட்சியை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் விழாவின் முன்மாலையில் கையில் மெழுகுவத்தியுடன் குளிரில் நடந்து வந்து, வாய்க்குள் பாடியபடி கற்களைச் சுற்றிவரும் கூட்டத்துடன் சேர்ந்து நடப்பது வேறு அனுபவம். அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே முறை.

2023 முதல் பிரிஜிட் நாள் அயர்லாந்தில் பொது விடுமுறை. பிப்ரவரியின் முதல் திங்கள் விடுமுறையாகும்; பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையில் வந்தால் மட்டும் அந்த வெள்ளியே விடுமுறை. ஆகவே விடுமுறை நாளும் விழா நாளும் வேறாக இருக்கக்கூடும் என்பதைக் கவனித்துத் தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள்.

பிரிஜிட் சிலுவையை வெளியூர்க்காரரும் முடையலாமா?

தாராளமாக முடையலாம், இவ்வழக்கங்களிலேயே பயணியின் கைக்கு எளிதில் வருவது இதுதான். விழாவை ஒட்டிப் பல ஊர்களில் நூலகங்களிலும் பங்குக் கூடங்களிலும் சொல்லித் தருகிறார்கள். ஈரநிலத்தில் வளரும், நம் கோரையைப் போன்ற, உள்ளே வெண்பஞ்சுத் தண்டு கொண்ட புல்லே மூலப்பொருள். அதை அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை நடுவில் மடித்து அதன்மேல் மாட்டி, திறந்த முனை வலப்பக்கம் நோக்குமாறு இழுத்து இறுக்குகிறார்கள். பிறகு முழுவதையும் இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி, அடுத்த தண்டை மடித்து, முன்னதை அணைத்தாற்போல் மாட்ட வேண்டும். திருப்பு, மடி, இறுக்கு என்று பன்னிரண்டு பதினாறு தண்டுகள் போனதும் நடுவில் ஒரு சதுர முடைவு தானாக எழுந்து வரும். நான்கு கைகளின் முனைகளையும் நூலால் கட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கினால் வேலை முடிந்தது. தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: நடுவிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள், எல்லாம் அவிழ்ந்து மடியில் விழும்.

முடைந்த சிலுவையை வாசற்கதவின் மேலோ கூரையின் உட்புறத்திலோ செருகினால் வீட்டில் தீ பிடிக்காது என்பது நம்பிக்கை. ஐரிஷ் தேசியத் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது இந்தச் சிலுவையைத்தான் தன் சின்னமாக்கிக்கொண்டது.

வீட்டில் தங்க வைப்பவர்கள் இணக்கமானவர்களாக இருந்தால், ஜனவரி 31 இரவில் ஒரு துணியை வெளியே புதர்மீது போட்டு வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரவில் ஊரைக் கடந்து செல்லும் பிரிஜிட் அதைத் தொட்டு வாழ்த்துவார் என்றும், பின்னர் தலைவலிக்கும் பேறுகால வலிக்கும் அத்துணி உதவும் என்றும் கருதுவார்கள்.

கெர்ரி மாவட்டத்தின் 'பிடி' குழுவினர் யார்?

பிரிஜிட்டின் பொம்மையை ஏந்திக்கொண்டு, வெள்ளை உடையும் முகத்தை மறைக்கும் உயரமான வைக்கோல் தொப்பியுமாக வீடு வீடாகச் சென்று, இசைத்து ஆடி, காணிக்கை பெறுபவர்கள். பிடி என்பது பிரிஜிட்டின் செல்லப்பெயர். கில்லோர்க்லின் ஊரில் இக்குழுக்கள் ஒன்றுகூடும் விழாவைப் பயணியரும் காணலாம்.

எடின்பரோவின் பெல்டேன் தீ விழா எப்படிப்பட்டது?

ஏப்ரல் 30 இரவு கால்டன் குன்றின்மேல் நடப்பது இது. 1988இல் ஆங்கஸ் ஃபார்குவரும் டெஸ்ட் டிபார்ட்மென்ட் இசைக்குழுவினரும், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்று அறிஞர்களின் துணையுடன், இதைத் தொடங்கினர். ஆகவே இது புதிய விழா. அதை நடத்துபவர்களும் மறைப்பதில்லை. 1829இல் பணம் தீர்ந்து பன்னிரண்டு தூண்களோடு நின்றுபோன தேசிய நினைவுச்சின்னத்தின் அடியில் ஊர்வலம் புறப்படும். வெள்ளுடை அணிந்த மே அரசி முன்னே செல்ல, குளிர்காலத்தின் உருவான பச்சை மனிதன் பின்தொடர்வான். இடையிடையே உடல் முழுதும் செஞ்சாயம் பூசியவர்கள் தீப்பந்தங்களுடன் பாய்ந்து வந்து கலகம் செய்வர். இறுதியில் பச்சை மனிதன் மாண்டு, பழைய கோலம் களைந்து, புதியவனாக எழுவான், பெருந்தீ மூட்டப்படும். ஆடுபவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள்.

நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. ஏப்ரல் இறுதியில் அங்கே சூரியன் மறைய ஏறத்தாழ 8.50 மணி ஆகும். ஆகவே விழா நள்ளிரவை நோக்கி நீளும். குன்றில் காற்று நேராக முகத்தில் அறையும். முன்வரிசை கிடைத்தால் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் முரசொலி காதைப் பிளக்கும், தீப்பொறியும் பறக்கும். நைலான் மேற்சட்டையைத் தவிர்த்துக் கம்பளி அணியுங்கள். ஆடையைக் குறைத்துச் சாயம் பூசிய உடல்களைக் காண்பதில் சங்கடம் உள்ளவர்கள் குடும்பத்துடன் செல்லுமுன் யோசிப்பது நன்று.

இரவு விழாவுக்குப் பிறகு உறங்காமல் இருக்க முடிந்தால், மே 1 விடியலில் ஆர்தர் இருக்கை எனப்படும் மலைக்கு ஏறுங்கள். அன்றைய பனித்துளியால் முகம் கழுவினால் அழகு கூடும் என்பது அந்நகரின் பழைய நம்பிக்கை, சூரியன் 5.30க்கு முன்பே எழுந்துவிடும். சீட்டு வேண்டாம், முரசும் இல்லை. என்னைக் கேட்டால், இரண்டில் இதுதான் பழைமைக்கு நெருக்கமானது.

உஷ்னக் குன்றின் தீயைப் பற்றிக் கேள்விப்பட்டோம், அங்கே செல்லலாமா?

அயர்லாந்தின் நடுப்பகுதியில், வெஸ்ட்மீத் மாவட்டத்தில் உள்ள இக்குன்றின் உயரம் 182 மீட்டர்தான். ஆனால் உச்சியிலிருந்து நாட்டின் பெரும்பகுதி தெரியும். இங்கே மூட்டும் பெல்டேன் தீயைக் கண்ட பிறகே மற்றக் குன்றுகளில் தீ எழும் என்பது மரபு. 1920களின் அகழாய்வில் தடித்த சாம்பல் படிவுகள் கிடைத்தன. இப்போதைய விழா மே 1ஐ ஒட்டிய சனிக்கிழமையில் நடக்கிறது. 2017இல் அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் தீயை ஏற்றினார். குன்று தனியாருக்குச் சொந்தமானது. எனவே சீட்டோ வழிகாட்டியுடனான நடையோ இன்றி ஏறிவிடலாம் என்று போகாதீர்கள்.

பேட்ஸ்டோவில் மே நாளன்று என்ன நடக்கிறது? வெளியூர்க்காரர் ஆடலாமா?

கார்ன்வாலின் வடகரையில் உள்ள மீன்பிடித் துறைமுகமான பேட்ஸ்டோவில் மே 1 அன்று இரண்டு 'ஆஸ்'கள் தெருவில் ஆடும். ஆஸ் என்றால் குதிரை. ஆனால் நம் பொய்க்கால் குதிரையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அடையாளம் தெரியாது. ஏறத்தாழ ஆள் உயர விட்டமுள்ள வட்டச் சட்டத்தின்மேல் தார் பூசிய கறுப்புத் துணி விரிந்து தொங்கும். முன்னே சிறு குதிரைத் தலை. நடுவே, சுமப்பவரின் தலைமேல், கறுப்பு வெள்ளை சிவப்பில் கூம்பாக உயர்ந்த அச்சமூட்டும் முகமூடி. ஒன்று பழைய ஆஸ், அதைச் சேர்ந்தவர்கள் வெள்ளை உடைமீது சிவப்புக் கச்சை கட்டுவர். மற்றது நீல ஆஸ், நீலக் கச்சை. ஒரு குடும்பம் எந்த நிறம் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடும்.

ஏப்ரல் 30 நள்ளிரவில், பழைய ஆஸின் இருப்பிடமான கோல்டன் லயன் விடுதியின் முன்னே, இசைக்கருவி எதுவுமின்றி வாய்ப்பாட்டாக விழா தொடங்கும். காலையில் தெருக்களெங்கும் பசுங்கிளைகள். மார்பில் நீலமணிப் பூவும் மஞ்சள் பூவும் குத்தியிருப்பார்கள். முற்பகலில் ஆஸ் வெளியே பாய்ந்ததும் முரசுகளும் அக்கார்டியன்களும் ஒரே மெட்டை விடாமல் மாலை வரை வாசிக்கும். வண்ணம் தீட்டிய தடியுடன் ஒருவர் ஆஸுக்கு முன்னே ஆடி அதைச் சீண்டுவார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாட்டு தாழ்ந்து இழையும், முரசு முணுமுணுக்கும், ஆஸ் மெல்லச் சாய்ந்து தரையில் படிந்துவிடும். தடிக்காரர் குனிந்து அதைத் தடவிக் கொடுப்பார். தெருவே மூச்சடக்கி நிற்கும். சட்டென்று முரசு அதிரும், ஆஸ் துள்ளி எழும், கூட்டம் கத்தும். பகல் முழுவதும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது.

வெளியூர்க்காரர் ஆஸுடன் ஆடக் கூடாது. பாடலாம், வழிவிடலாம், கைதட்டலாம். ஆஸைச் சுமக்கும் உரிமை அவ்வூர்க் குடும்பங்களுக்கே உரியது. கச்சை கட்டிக்கொண்டு வேடமிட்டுச் செல்வதும் நாகரிகமன்று. துணிக்கு அடியில் இழுக்கப்படும் பெண்ணுக்கு ஓராண்டுக்குள் திருமணமோ குழந்தையோ வாய்க்கும் என்ற நம்பிக்கை உண்டு. விரும்பாதவர்கள் சுவரோரம் நிற்கட்டும். தெருக்கள் மிகக் குறுகலானவை. ஆஸ் திரும்பும்போது கூட்டம் முழுவதும் பின்வாங்கும் என்பதால் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மே 1 ஞாயிறாக இருந்தால் விழா 2ஆம் தேதி திங்களுக்குத் தள்ளிப்போகும். ஊருக்கு ரயில் கிடையாது. போட்மின் பார்க்வே நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் செல்ல வேண்டும்.

ஹெல்ஸ்டன் விழா இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பேட்ஸ்டோ கட்டவிழ்ந்தது என்றால் ஹெல்ஸ்டன் ஒழுங்கின் விழா. மே 8 அன்று, அது ஞாயிறோ திங்களோ ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமையன்று, காலை 7 மணி ஆட்டத்தில் தொடங்கி மாலை 5 மணி ஆட்டம் வரை இணை இணையாகத் தெருவில் ஆடிச் செல்வார்கள். கடைகள், வீடுகளின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலால் வெளிவருவதும் உண்டு. குளிர்காலத்தை வெளியேற்றி வசந்தத்தை உள்ளே கொண்டுவருவதாக அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நண்பகல் ஆட்டத்தில் ஆண்கள் வால்கோட்டும் உயர்தொப்பியும், பெண்கள் நீண்ட விருந்து உடையும் அணிவர். வெள்ளுடைச் சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கில் ஆடும் காலை ஆட்டமே பலருக்கும் பிடித்தது.

ஒரே பயணத்தில் எத்தனை விழாக்களைக் காண முடியும்?

ஏப்ரல் 30 இரவு எடின்பரோவில் இருந்துவிட்டு மறுநாள் பேட்ஸ்டோ என்று திட்டமிடுவோர் உண்டு. ஸ்காட்லாந்துக்கும் கார்ன்வாலுக்கும் இடையே பிரிட்டனின் முழு நீளமும் இருக்கிறது, வேண்டாம். பேட்ஸ்டோவில் தொடங்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெல்ஸ்டனில் முடியும் ஒரு வாரம்தான் அலைச்சல் குறைந்த வழி. பிரிஜிட் நாளுக்குத் தனிப் பயணமே தேவை.

அயர்லாந்து வீடுகளில் மே மாத வழக்கங்கள் ஏதேனும் எஞ்சியுள்ளனவா?

மே நாளின் முன்மாலையில் மஞ்சள் பூக்களை வாசற்படியில் தூவுவதும், முட்கிளை ஒன்றை நட்டு நாடாக்களாலும் வண்ண முட்டை ஓடுகளாலும் அழகுசெய்வதும் சில ஊர்களில் இருக்கின்றன. இந்த மே மரத்தை வெக்ஸ்ஃபர்டில் மீட்டெடுத்திருக்கிறார்கள். மான் தீவில், கத்தி படாமல் ஒடித்த ரோவன் மரக் குச்சிகளைக் கம்பளி நூலால் சிலுவையாகக் கட்டிக் கதவின்மேல் வைப்பர்.

விருந்தினருக்கு ஓர் எச்சரிக்கை: வெண்ணிறத்தில் பூத்திருக்கும் ஹாத்தார்ன் என்னும் முள்மரத்தின் கிளையை அழகாக இருக்கிறதென்று ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அது கேடு என்பார்கள். வயல் நடுவே தனித்து நிற்கும் அம்மரம் மாய மாந்தரின் உடைமை. 1999இல் கிளேர் மாவட்டத்தின் லட்டூனில், கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய எதிர்ப்பினால், அப்படி ஒரு மரத்தைக் காப்பாற்றி நெடுஞ்சாலையை அமைத்தார்கள்.

விசா, உணவு குறித்து என்ன கவனிக்க வேண்டும்?

அயர்லாந்துக் குடியரசு பிரிட்டனின் பகுதியல்ல. ஷெங்கன் பகுதியிலும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோருக்கு இரு நாடுகளுக்கும் ஒரே விசாவைப் பயன்படுத்தும் ஏற்பாடு உண்டு. ஆனால் விசாவில் அதற்குரிய குறிப்பு இருந்தால்தான் அது செல்லும். பிரிட்டனின் ஆட்சியிலுள்ள பெல்ஃபாஸ்டுக்கும் டப்ளினுக்கும் இடையே எல்லைச் சாவடி இல்லை என்பதால் அனுமதியும் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

சைவ உணவினர் கார்ன்வாலில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் அடைத்த பாஸ்டியைக் கேட்டு வாங்கலாம். பிரிஜிட் முன்மாலையில் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் வெண்ணெயுடன் மசித்த கோல்கேனன் கிடைக்கும். சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பதால் கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

துணி கட்டும் சுனைகளில் நாமும் கட்டலாமா?

ஸ்காட்லாந்தின் பிளாக் ஐல் பகுதியில் மன்லாக்கிக்கு அருகே உள்ள சுனை இவற்றுள் புகழ்பெற்றது. மே தொடக்கத்தில் அங்கே செல்வது பழைய வழக்கம். சூரியன் செல்லும் திசையில் சுனையைச் சுற்றிவந்து, நோயுற்ற இடத்தில் பட்ட துணியை நீரில் நனைத்து மரத்தில் கட்டுவர். துணி மக்க மக்க நோயும் தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. இப்போது பாலியஸ்டர் கால்சட்டையிலிருந்து காலணி வரை மக்காத பொருட்களைத் தொங்கவிட்டுக் காட்டையே குப்பையாக்கிவிட்டார்கள். கட்ட விரும்பினால் சாயமேறாத பருத்தியிலோ கம்பளியிலோ விரல் அகலத் துண்டு ஒன்று போதும். கிளையை இறுக்காமல் தளர்வாக முடியுங்கள். மற்றவர் கட்டியதை அவிழ்க்க வேண்டாம். அவிழ்ப்பவரிடம் அந்த நோய் வந்து சேரும் என்று அப்பகுதியினர் சொல்வார்கள்.